அந்தச் சுவரைக் கேட்டவர்கள்



அமெரிக்கா ஒரு கிறிஸ்தவ நாடாகத் தோன்றியதா? இந்தக் கேள்வி அங்கே தேர்தலுக்குத் தேர்தல் தலைதூக்குகிறது. பள்ளிக்கூட வகுப்பறையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போகிறது. ஆம் என்பவர்கள் டாலர் நோட்டில் அச்சிட்டிருக்கும் கடவுள் பெயரைக் காட்டுகிறார்கள். இல்லை என்பவர்கள் கடவுளை எங்கும் வேண்டாத அரசியல் சட்டத்தைக் காட்டுகிறார்கள். இப்படி மோதிக்கொள்ளும் இரு சாராரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். சபையையும் அரசாங்கத்தையும் பிரித்து வைத்தது பக்தி குறைந்த சில அறிவாளிகளின் வேலை என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதைக் குற்றமாகச் சொல்கிறார், மற்றவர் பெருமையாகச் சொல்கிறார். அந்த நம்பிக்கை பாதிக்குமேல் தவறு என்று சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன். சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் வேதத்தை நெஞ்சில் சுமந்த மனிதர்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் அவர்கள்தான்.

வர்ஜீனியாவில் தொடங்குகிறேன். விடுதலைக்கு முன்பு அது இங்கிலாந்து அரசரின் குடியேற்ற நாடு. ஆங்கிலிக்கன் சபைதான் அரசாங்கச் சபை. அந்தச் சபைக் குருவுக்கு ஆண்டுக்கு 16,000 ராத்தல் புகையிலை சம்பளம் என்று 1696-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்த மண்ணில் புகையிலைதான் பணம். ஆங்கிலிக்கன் ஆலயத்தின் வாசற்படியை மிதிக்காதவனும் அந்தச் சம்பளத்துக்கான வரியைக் கட்டியாக வேண்டும். இந்த ஊர்களுக்குள் 1760-களில் பாப்டிஸ்ட் போதகர்கள் வந்தார்கள். பெரிய படிப்பில்லாதவர்கள். உழவர்களிடமும் அடிமைகளிடமும் மரத்தடியில் நின்று பேசினார்கள். அரசாங்க உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்ததாகவும் பொது அமைதியைக் கெடுத்ததாகவும் அவர்கள்மீது வழக்குப் போட்டார்கள். 1768-இல் ஒரு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வழியில் யாரைப் பார்த்தாலும் வேத வசனத்தை அவர் தொண்டைக்குள் திணித்துவிட்டுத்தான் விடுகிறார்களாம். விடுதலைப் போருக்கு முந்தைய அந்தச் சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் வர்ஜீனியாச் சிறைகளில் அடைபட்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் அயர்லாந்து. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். 1769-70 குளிர்காலத்தைக் கல்பெப்பர் சிறையில் கழித்தார். சிறையின் சின்ன இரும்புக் கம்பி வழியாக, வெளியே கூடியவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். பின்னாளில் அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்த நாள்களை விவரிக்கிறார். தரைக்கு அடியில் வெடிமருந்து வைத்தார்கள். கதவிடுக்கில் கந்தகத்தையும் மிளகாயையும் கொளுத்திப் புகை போட்டார்கள். கேட்க வந்த கூட்டத்துக்குள் குதிரையை விட்டு ஓட்டினார்கள். கூட்டத்தில் நின்ற கறுப்பின அடிமைகளை உடை களைந்து சவுக்கால் அடித்தார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர்கள். அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரு கிறிஸ்தவ அரசாங்கம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தப் போதகர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1774 ஜனவரியில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மதக் கருத்துகளை வெளியிட்ட குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிறார்கள், அவர்களுக்காக வாதாடி வாதாடி எனக்குப் பொறுமையே போய்விட்டது என்பது அதன் சாரம். எழுதியவர் ஜேம்ஸ் மேடிசன், ஆங்கிலிக்கன் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் தந்தை என்று பிற்பாடு போற்றப்பட்டவர். அவர் மனத்தில் சுவருக்கு அடிக்கல் விழுந்த இடம் எனக்குக் கல்பெப்பர் போன்ற ஒரு சிறைதான் என்று தோன்றுகிறது. தத்துவ நூல்களும் அவர் படித்தார், மறுக்கவில்லை.

விடுதலைப் போர் முடிந்தது. 1784-இல் வர்ஜீனியா சட்டமன்றத்தில் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை ஆதரித்துப் பேசினார். கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க எல்லோரிடமும் வரி வாங்குவது என்பது அதன் நோக்கம். பழைய கொடுமை இதில் இல்லை. எந்தச் சபைக்குத் தன் பணம் போக வேண்டும் என்று வரி கட்டுகிறவனே சொல்லலாம். மிகவும் தாராளமான மசோதா. ஜார்ஜ் வாஷிங்டனுக்குக்கூட இதில் கொள்கையளவில் பெரிய ஆட்சேபம் இல்லை. நம்மில் பலரும் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் கைதூக்கியிருப்போம்.

மேடிசன் 1785-இல் அதை எதிர்த்து ஒரு மனு எழுதினார். பதினைந்து காரணங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்ற எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. மற்ற மதங்களை ஒதுக்கிக் கிறிஸ்தவத்தை நிலைநாட்டும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், அதே அதிகாரம் நாளைக்கு மற்றக் கிறிஸ்தவச் சபைகளை ஒதுக்கி ஒரே ஒரு சபையை நிலைநாட்டும். இதுதான் அவர் வாதம். இதற்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொல்லி நான் படித்ததில்லை.

மாநிலமெங்கும் மனுக்கள் குவிந்தன. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மசோதாவை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். இங்கே வரலாற்றுப் பாடநூல்கள் அவசரமாகக் கடந்து போகும் ஒரு செய்தி உண்டு. மேடிசனின் மனுவைவிட அதிகக் கையெழுத்து வாங்கியது வேறொரு மனு. அதை எழுதியவர்களும் சுமந்து திரிந்தவர்களும் பக்தர்கள். இந்த வரி நற்செய்தியின் ஆவிக்கே முரணானது என்பது அவர்கள் வாதம். முதல் மூன்று நூற்றாண்டுகளில் எந்தப் பேரரசன் காசு கொடுத்துக் கிறிஸ்தவம் பரவியது என்று கேட்டார்கள். மசோதா படுத்துவிட்டது. அந்த வேகத்திலேயே, தாமஸ் ஜெஃபர்சன் முன்பே எழுதி வைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டத்தை 1786 ஜனவரியில் மேடிசன் நிறைவேற்றிவிட்டார். அந்த விவாதத்தின்போது, முன்னுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. பெரும்பான்மையோர் அதைத் தள்ளினார்கள். ஜெஃபர்சன் முதுமையில் இதை நினைவுகூர்ந்து எழுதினார்: யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எந்த மதத்தையும் நம்பாதவர் என எல்லாரையும் அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் கொண்டுவருவதே மன்றத்தின் எண்ணம் என்பதற்கு அந்த வாக்கெடுப்பே சாட்சி என்று. அன்றைய வர்ஜீனியாவில் இந்துக்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அவர் பட்டியலில் இந்து இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1787, பிலடெல்பியா. கோடை வெயிலில் சன்னல்களை மூடிக்கொண்டு அரசியல் சட்டத்தை எழுதிய அந்த மாநாடு ஒரு கட்டத்தில் முறிந்துபோகும் நிலைக்கு வந்தது. ஜூன் 28 அன்று எண்பத்தொரு வயது பெஞ்சமின் பிராங்க்ளின் எழுந்து, இனி ஒவ்வொரு நாளும் ஜெபத்தோடு தொடங்குவோம் என்றார். இந்தப் பேச்சு இன்று அமெரிக்க மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. அதன் பிறகு நடந்ததை அந்த மேடைகள் சொல்வதில்லை. தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று கருதினார்கள் என்று பிராங்க்ளினே தம் பேச்சுப் படியின் அடியில் குறித்துவைத்தார்.

அங்கே உருவான ஆவணத்தில் கடவுளை வேண்டும் வரி ஒன்றும் இல்லை. இறுதியில் நாள் குறிக்கும்போது நம் ஆண்டவரின் ஆண்டு என்ற வழக்கமான தொடர் வருகிறது, அவ்வளவுதான். ஆறாம் உறுப்போ தெளிவாகப் பேசுகிறது: கூட்டாட்சியின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை ஒருபோதும் கூடாது. இதற்கு எதிர்ப்பு வராமல் இல்லை. 1788 ஜூலையில், அரசியல் சட்டத்தை ஏற்பதா என்று விவாதிக்கக் கூடிய வட கரோலினா மாநாட்டில் ஹென்றி அபட் என்ற உறுப்பினர் மக்களின் அச்சத்தை எடுத்துச் சொன்னார். சோதனை இல்லையென்றால் முகமதியர்களும் புறமதத்தாரும் பதவிக்கு வருவார்களே, பதவிப் பிரமாணத்தை யார் பெயரால் எடுப்பார்கள், ஜூபிட்டர் பெயராலா, மினர்வா பெயராலா என்பது அவர் கேள்வி. ஜேம்ஸ் அயர்டெல் என்ற மற்றோர் உறுப்பினர் பதில் சொன்னார். ஒரு கூட்டத்தாரை விலக்கினால், நாம் எந்தச் சுதந்திரத்துக்காக வாதாடுகிறோமோ அதையே விலக்கியதாகும் என்றார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநாட்டில் இந்த உறுப்பை ஆதரித்துப் பேசியவர்களில் ஐசக் பேக்கஸ் ஒருவர். அவர் பாப்டிஸ்ட் போதகர். மதம் கடவுளுக்கும் தனி மனிதனுக்கும் இடையில் உள்ளது, மனித அதிகாரம் அதில் நுழைந்தால் கிறிஸ்துவின் அதிகாரத்தில் கைவைத்ததாகும் என்பது அவர் நிலை.

எதிர்த்தரப்பின் ஆதாரங்களை நான் மறைக்க மாட்டேன். அவை கனமானவை. 1776-இன் விடுதலைப் பிரகடனம் மனிதனுக்கு உரிமைகளைக் கொடுத்தவர் படைத்தவர் என்கிறது. மதச் சோதனை கூடாது என்ற அதே தலைமுறை 1789-இல் நாடாளுமன்றத்துக்குச் சம்பளத்தோடு குருக்களை நியமித்தது. வடமேற்கு நிலப்பரப்புக்கான 1787-ஆம் ஆண்டுச் சட்டம், நல்லாட்சிக்கு மதமும் ஒழுக்கமும் அறிவும் தேவை என்று சொல்லிப் பள்ளிகளை ஊக்குவிக்கச் சொன்னது. வாஷிங்டன் நன்றி செலுத்தும் நாளை அறிவித்தார். 1796-இல் விடைபெறும்போது, மதமும் ஒழுக்கமும் அரசியல் வாழ்வின் தூண்கள் என்றார். மாநிலங்களைப் பார்த்தால் நிலைமை இன்னும் கடுமை. டெலவேரில் பதவி ஏற்பவர் திரித்துவத்தில் நம்பிக்கை சொல்ல வேண்டியிருந்தது. மேரிலாந்தில் யூதர் ஒருவர் பதவிக்கு வர 1826 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே, கூட்டாட்சி மதத்தைப் பற்றி வாய்மூடி இருந்ததற்கு உயர்ந்த கொள்கை மட்டும் காரணமில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தன் சபை ஏற்பாட்டில் நடுவண் அரசு தலையிடக் கூடாது என்று நினைத்தது. 1791-இல் வந்த முதல் திருத்தம் நாடாளுமன்றத்தைத்தான் கட்டியது, மாநிலங்களைக் கட்டவில்லை. மாநிலங்களையும் அது கட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1940-களாயிற்று. ஒரு நாட்டின் மக்கள் கிறிஸ்தவர்களாக இருப்பது வேறு, அதன் அரசாங்கம் கிறிஸ்தவ அரசாங்கமாக இருப்பது வேறு. முதலாவது அமெரிக்காவில் மறுக்க முடியாத உண்மை. இரண்டாவதைத் தெரிந்தே தவிர்த்தார்கள். 1797-இல் திரிப்போலி நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கை செனட்டுக்கு வந்தபோது, அமெரிக்க அரசாங்கம் எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின்மீது நிறுவப்பட்டதல்ல என்ற வாசகம் அதில் இருந்தது. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. பல சபைகளைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருந்த மன்றம் அது.

சுவர் என்ற சொல்லுக்கு வருவோம். கனெக்டிகட் மாநிலத்தில் பாப்டிஸ்டுகள் சிறுபான்மையினர். அங்கே அரசாதரவு பெற்றிருந்த காங்கிரிகேஷனல் சபைக்கான வரியிலிருந்து விலக்குப் பெற அவர்கள் ஒவ்வொருவரும் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது உரிமையாக இல்லை, சலுகையாக இருக்கிறது என்று டான்பரி வட்டார பாப்டிஸ்டுகள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிவினைச் சுவர் என்ற புகழ்பெற்ற தொடர் வருகிறது. அதே நாளில் அவர் வீட்டு வாசலில் 1,235 ராத்தல் எடையுள்ள ஒரு பாலாடைக்கட்டி வந்து இறங்கியது. மாசசூசெட்ஸின் செஷையர் ஊர் மக்கள் நன்றிக்காகச் செய்து அனுப்பியது. அதைக் கொண்டுவந்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். முன்பு வர்ஜீனியாவில் மேடிசனோடும் ஜெஃபர்சனோடும் ஒரே அணியில் நின்று போராடியவர். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நாடாளுமன்றத்தின் கீழவையான மக்கள் சபையின் மண்டபத்தில் லேலண்ட் பிரசங்கம் செய்தார். சுவரைப் பற்றி எழுதிய மை காய்வதற்குள் ஜெஃபர்சன் அந்த ஆராதனையில் உட்கார்ந்து கேட்டார். இதை முரண்பாடு என்று இரு தரப்பும் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் வரவேண்டிய கட்டாயம் இல்லை, யாரிடமும் அதற்காக வரி வாங்கவில்லை. அரசு மண்டபத்தில் ஆராதனை நடத்தலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்த இரண்டு மனிதர்களும் சுவரை யாருக்கு எதிராகக் கட்டினார்கள் என்பதில் தயக்கம் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவாதம் இரத்தம் சிந்தியது. 1844-இல் பிலடெல்பியாவில், அரசியல் சட்டம் எழுதிய அதே நகரில், அரசுப் பள்ளியில் எந்த வேதாகமத்தைப் படிப்பது என்ற சண்டை கலவரமாயிற்று. புராட்டஸ்டன்டுகள் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு என்றார்கள். கத்தோலிக்கர் தங்கள் பதிப்பு என்றார்கள். உயிர்கள் போயின, இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன. மேடிசன் எச்சரித்தது அப்படியே நடந்தது. பிறகு உள்நாட்டுப் போர். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் 1861-இல் எழுதிய அரசியல் சட்டம் எல்லாம் வல்ல கடவுளின் அருளை முன்னுரையிலேயே வேண்டியது. கடவுள் பெயரைச் சேர்த்ததால் அந்தச் சட்டத்தின் கீழ் ஓர் அடிமைக்கும் விலங்கு தளரவில்லை. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், இந்த நாட்டின் கிறிஸ்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்துக்கும் இடையே பெரும் பிளவு இருக்கிறது என்று 1845-லேயே எழுதியிருந்தார். போர் நடந்தபோது வடக்கிலும் ஒரு குழு, கடவுள் நம்மைத் தண்டிக்கிறார், அரசியல் சட்டத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டால் தப்பிப்போம் என்று திருத்தம் கேட்டது. 1874-இல் மக்கள் சபையின் சட்டக் குழு அதை நிராகரித்தது. முன்னோர் இதை ஆற அமர யோசித்தே விட்டுவைத்தார்கள் என்பது குழு சொன்ன காரணம்.

இன்று ஆதாரமாகக் காட்டப்படும் பலவும் இதற்குப் பிந்தியவை. நாணயத்தில் கடவுள் பெயர் முதலில் வந்தது 1864-இல். கொடி உறுதிமொழியில் கடவுள் சேர்ந்தது 1954-இல். கடவுளை நம்புகிறோம் என்பது தேசிய வாசகமானது 1956-இல், சோவியத் நாட்டோடு பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது. நோட்டில் ஏறியது 1957-இல். 1950-களில் வந்த ஒன்றை நாட்டின் பிறப்புச் சான்றிதழாக நீட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

2024-இல் லூசியானா மாநிலம் ஒவ்வோர் அரசு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கென்டக்கியின் இப்படிப்பட்ட சட்டத்தை 1980-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. லூசியானாச் சட்டமும் நீதிமன்றம் ஏறியது. நீதிபதிகள் என்ன சொன்னாலும் ஒரு கேள்வி நிற்கிறது. கட்டளைகள் பத்து என்பதில் எல்லாரும் ஒன்று. ஆனால் எது முதலாவது, எது இரண்டாவது என்பதில் யூதர்களும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் வேறுபடுகிறார்கள். சிலை செய்யாதே என்பதை ஒரு சபை தனிக் கட்டளையாக எண்ணுகிறது, இன்னொன்று முதல் கட்டளைக்குள் அடக்குகிறது. லூசியானாச் சட்டம் எந்த வாசகத்தை மாட்ட வேண்டும் என்று தானே அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. சட்டமன்ற உறுப்பினர்கள் வேதசாஸ்திரிகளாகிவிட்டார்கள்.

இந்த அரங்கில் இருக்கும் ஆயர்களுக்கு ஒரு கவலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரசாங்கத்தின் கை விலகினால் சபை மெலியாதா? அதே கவலை கனெக்டிகட்டில் லைமன் பீச்சர் என்ற பெரிய போதகருக்கு இருந்தது. 1818-இல் அந்த மாநிலம் காங்கிரிகேஷனல் சபைக்கான வரியை நிறுத்தியது. அதற்கு வழிவிட்ட தேர்தல் முடிவு வந்த மறுநாள், அவர் சமையலறை நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுக் கைகள் தளர உட்கார்ந்திருந்ததை அவர் பிள்ளை நினைவுகூர்ந்திருக்கிறார். என்ன யோசிக்கிறீர்கள் அப்பா என்று கேட்டதற்கு, தேவனுடைய சபையைப் பற்றி என்றாராம். அதே பீச்சர் பிற்காலத்தில், கனெக்டிகட்டுக்கு நேர்ந்தவற்றில் இதைவிட நல்லது வேறில்லை என்று எழுதினார். அரசை நம்பியிருந்த சபைகள் தங்கள் சொந்தக் காலிலும் கடவுளிடத்திலும் நிற்கப் பழகிக்கொண்டன என்பது அவர் கண்ட உண்மை.

மதுரைக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. நியூ இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபையார் 1810-இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் போர்டு அனுப்பிய ஆட்கள்தான் 1816-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் சபைக்கு வரி வசூலிப்பதை நிறுத்தியது 1833-இல். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834-இல். பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, ஊர் ஊராக எழுந்த பள்ளிகள், நான் ஞானஸ்நானம் பெற்ற சபை எல்லாம் அந்த வழியில் வந்தவை. அந்தப் போதகர்களின் கப்பல் கட்டணத்துக்கு எந்த அரசாங்கமும் யாரிடமும் புகையிலையோ காசோ பிடுங்கவில்லை. தையல் வேலை செய்த பெண்களும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் விரும்பிப் போட்ட காணிக்கை அது. நான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன். என் விசுவாசத்தை எந்த அரசாங்கத்தின் கையிலும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த அரசாங்கம் கிறிஸ்தவர்களால் நிறைந்திருந்தாலும் சம்மதிக்க மாட்டேன்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.